சீட்டாட்டம் சோறு போடுமா?

போக்கரை முழுநேரத் தொழிலாக்கலாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த யோசனை, கையில் காசு வந்துகொண்டிருக்கும்போதுதான் வருகிறது. ஏழெட்டு மாதமாக லாபம். சம்பளத்தைவிடச் சீட்டில் கூடுதலாக வந்த மாதம்கூட ஒன்றிரண்டு இருக்கும். அலுவலகத்தில் உட்காரும் நேரமெல்லாம் வீண் என்று தோன்றத் தொடங்கியிருக்கும். இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்றாக ஆடத் தெரிந்தவருக்கும் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வாழ்வது பெரும்பாலும் தவறான தேர்வு. இந்தியாவில் இருந்துகொண்டு செய்வதானால், இன்றைய சட்டமும் வரியும் உள்ளவரை அது தவறேதான். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

திறமை உண்டு

ரூலெட்டிலும் ஸ்லாட் இயந்திரத்திலும் நீங்கள் கசினோவை எதிர்த்து ஆடுகிறீர்கள். நீண்ட காலத்தில் அங்கே கசினோதான் ஜெயிக்கும். ஆட்டத்தின் விதியே அப்படி அமைந்தது. போக்கரில் எதிரே இருப்பவர் உங்களைப் போன்ற இன்னொரு ஆட்டக்காரர். கசினோ மேசையைக் கொடுத்துவிட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கெட்ட சீட்டு வந்தால் போட்டுவிட்டு ஒதுங்கலாம், நல்ல சீட்டு வந்தால் பந்தயத்தை ஏற்றலாம், எதிராளி பயந்தவரா துணிந்தவரா என்று பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளலாம். பல்லாயிரம் முறை சீட்டுப் போட்ட பிறகு இந்த முடிவுகளெல்லாம் சேர்ந்து பணத்தைத் திறமைசாலியின் பக்கம் சாய்க்கின்றன. அமெரிக்காவில் பில்லி பாக்ஸ்டர் என்ற தொழில்முறை ஆட்டக்காரர், தன் போக்கர் வருமானம் உழைத்துச் சம்பாதித்த வருமானமே என்று அரசோடு வழக்காடி, 1986இல் நெவாடாவில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வென்றார்.

அதே பாக்ஸ்டர்தான் 1997இல் ஸ்டூ அங்கர் என்பவருக்காக, 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' தொடரின் முதன்மைப் போட்டிக்கு 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டினார். 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டத்தை வென்றவர் அங்கர். சீட்டில் அவரைப் போல ஒரு மூளை இல்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1997இல் அவரிடம் கட்டணத்துக்குக் காசில்லை. பாக்ஸ்டர் கட்டிய பணத்தில் ஆடி மூன்றாம் முறையும் வென்றார். பரிசு 10 லட்சம் டாலர். பணம் போட்டவரின் பங்கு போக மீதி அவருக்கு வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் 45 வயதில் இறந்துகிடந்தார். பணம் தங்காததற்குப் போதைப் பழக்கம் ஒரு காரணம். சீட்டில் வென்றதையெல்லாம் மற்ற பந்தயங்களில் கொண்டுபோய்க் கொட்டியது இன்னொன்று. அங்கரின் கதையைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உலகத்திலேயே நன்றாக ஆடத் தெரிந்த ஒருவருக்குக்கூடக் கையில் பணம் தங்கவில்லை என்றால், ஆட்டத் திறமையை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாதக் கணக்கு

போக்கர்காரர்கள் வருமானத்தை ரூபாயில் பேசுவதில்லை. ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பெரிய தொகை 'பிக் ப்ளைண்ட்'. நூறு கைக்கு எத்தனை பிக் ப்ளைண்ட் மிஞ்சுகிறது என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். (சீட்டுப் போட்டதிலிருந்து நடுவில் உள்ள பணம் ஒருவரிடம் போய்ச் சேரும்வரை ஒரு கை.) ஆன்லைனில் நூறு கைக்கு 3 பிக் ப்ளைண்ட் என்பது மதிக்கத்தக்க லாபம். தொடர்ந்து இந்த அளவில் எடுப்பவர் நிச்சயமாக நல்ல ஆட்டக்காரர்.

ஆனால் அதே நூறு கைக்குள் ஏற்ற இறக்கம் எவ்வளவு? பள்ளிப் புள்ளியியலில் படித்த திட்டவிலக்கம் நினைவிருக்கும். நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் அது நூறு கைக்கு ஏறக்குறைய 90 பிக் ப்ளைண்ட். எதிர்பார்க்கும் லாபம் 3, ஆட்டம் தூக்கிப்போடும் அளவு 90. போக்கரை நம்பி வாழ்வதன் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

உதாரணத்துக்காக ரூபாயில் போட்டுப் பார்ப்போம். பிக் ப்ளைண்ட் 100 ரூபாய். ஒரு தடவை மேசையில் உட்கார 10,000 ரூபாய். அதுபோல் ஐம்பது தடவை உட்காரும் அளவுக்கு, அதாவது 5 லட்சம் ரூபாய், ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய கைமுதல் உங்களிடம் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு மேசை ஆடி, மாதம் 30,000 கை முடிக்கிறீர்கள். நூறு கைக்கு 3 வீதம் மாத லாபம் 90,000 ரூபாய். காகிதத்தில் நல்ல சம்பளம்.

அந்த 90,000க்கு மேலும் கீழும் திட்டவிலக்கம் சுமார் 1,56,000 ரூபாய். மூன்றில் இரண்டு மாதங்கள் 66,000 ரூபாய் நஷ்டத்துக்கும் 2,46,000 ரூபாய் லாபத்துக்கும் இடையில் எங்கேயோ முடியும். மீதி மாதங்கள் அதற்கும் வெளியே. நூற்றில் 28 மாதங்கள் நஷ்டத்தில் முடியும். திறமை குறைந்ததால் வரும் நஷ்டம் இல்லை இது. நன்றாக ஆடியும் வருவது. வீட்டுக்காரர் வாடகையை ஒன்றாம் தேதி கேட்பார். பள்ளிக் கட்டணத்துக்கு ஜூன் மாதம் கெடு. போக்கர் எந்தத் தேதிக்கும் கட்டுப்பட்டுப் பணம் தருவதில்லை.

இப்போது வீட்டுச் செலவைச் சேர்ப்போம். மேசையின் அளவை எப்போதும் குறைக்காமல் ஆடினால், ஐந்து லட்சம் கைமுதல் என்றைக்காவது முழுதாகத் தீர்ந்துபோவதற்கான வாய்ப்பு, லாபத்தைத் தொடாமல் விட்டால், நூற்றுக்கு இரண்டரை. மிகச் சிறியது. அதே ஆள், அதே ஆட்டம், ஆனால் மாதம் 50,000 ரூபாய் குடும்பத்துக்கு எடுக்கிறார் என்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 19 ஆகிறது. லாபத்தில் 31.2 சதவீதம் வருமான வரியும் கட்டுகிறார் என்றால் பாதியைத் தாண்டிவிடுகிறது. ஜெயிக்கத் தெரிந்தவரே பாதிக்கு மேல் திவாலாகும் நிலை. பொழுதுபோக்காக ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டதும் தோற்பது இதனால்தான். அவர் ஆட்டம் மோசமாகவில்லை. விதைநெல்லைச் சமைக்கத் தொடங்கிவிட்டார்.

தொடக்கத்தில் சொன்ன அந்த ஏழெட்டு மாத லாபத்துக்கு என்ன பொருள்? மாலை நேரங்களில் ஆடுபவர் மாதம் 3,000 கை ஆடுவதாக வைத்துக்கொண்டால் எட்டு மாதத்தில் 24,000 கை. நூறு கைக்கு 1 பிக் ப்ளைண்ட் தோற்கும் ஓர் ஆட்டக்காரர், அதாவது உண்மையில் தோற்கிற ஆட்டக்காரர், 24,000 கை முடிவில் லாபத்தில் நிற்க நூற்றுக்கு 43 வாய்ப்பு இருக்கிறது. காசு சுண்டுவதற்குப் பக்கத்தில். அந்த லாபத்தை வைத்து உங்களை நீங்கள் நல்ல ஆட்டக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு லட்சம் கை வேண்டும், அதுவும் போதாது. நூறு கைக்கு 2 எடுக்கும் உண்மையான வெற்றியாளர்களில் நாலில் ஒருவர் லட்சம் கைக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பார். நேரடி மேசையில் மணிக்கு முப்பது கைதான் ஓடும். நாள்தோறும் எட்டு மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் ஆடினாலும் ஒரு லட்சம் கை முடியப் பதினாறு மாதத்துக்கு மேல் ஆகும்.

மேசைக்கு அடியில் போகும் பணம்

ஒவ்வொரு கையிலும் சேரும் பணத்திலிருந்து கசினோ எடுக்கும் பங்கை ரேக் என்பார்கள். கைக்குச் சராசரி 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120 டாலர் மேசையை விட்டுப் போகிறது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு 13 டாலருக்கு மேல். லாஸ் வேகாஸில் 2–5 டாலர் மேசையில் (பிக் ப்ளைண்ட் 5 டாலர்) மணிக்கு 25 டாலர் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். அந்த 25ஐ எடுக்க அவர் மற்றவர்களைவிட மணிக்கு ஏறக்குறைய 38 டாலர் அளவுக்கு மேலாக ஆட வேண்டியிருக்கிறது. சீட்டுப் போடுபவருக்கு டிப்ஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இதற்கு மேல். சிறிய மேசைகளில் ரேக், பந்தயத் தொகையோடு ஒப்பிட இன்னும் கனமானது. அங்கே திறமையின் பெரும்பகுதியை ரேக்கே தின்றுவிடும்.

போட்டிகளை நம்புவோருக்கு நிலைமை இன்னும் கடுமை. பெரிய போட்டிகளில் ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது பணம் கிடைக்கும். அதிலும் பெரும்பகுதி கடைசி மேசைக்குப் போகிறவர்களுக்கு. செய்திகளில் வரும் பரிசுத் தொகை, நுழைவுக் கட்டணங்களைக் கழிக்காத தொகை. கனடாவின் டேனியல் நெக்ரேனு தன் ஆண்டுக் கணக்கை வெளிப்படையாக எழுதிய அரிதான ஆட்டக்காரர். 2017இல் அவர் 27 லட்சம் டாலருக்கு மேல் பரிசாகப் பெற்றார். கட்டணங்களைக் கழித்த பிறகு அந்த ஆண்டு அவருக்கு நஷ்டம். நெக்ரேனுவுக்கே அப்படி ஓர் ஆண்டு வரும் என்றால், பரிசுப் பட்டியலைப் பார்த்து யாருடைய வருமானத்தையும் மதிப்பிட வேண்டாம்.

எதிரே உட்காருபவர் யார்

2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ஆன்லைனில் சிறு தொகைக்கு நடந்த தகுதிப் போட்டி வழியாக 'வேர்ல்டு சீரிஸ்' முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வென்றார். சாதாரண ஆளும் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை பரவியது. 2006இல் அதே போட்டியில் 8,773 பேர் கலந்துகொண்டார்கள். அந்த ஆண்டுகளில் கொஞ்சம் படித்து ஆடியவர்களுக்கெல்லாம் பணம் வந்தது. எதிரே உட்கார்ந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. இன்று யூடியூபில் வெற்றிக் கதை சொல்லும் பல மூத்த ஆட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆடிய மேசை இப்போது இல்லை.

2015 வாக்கில் சால்வர் எனப்படும் மென்பொருள்கள் சாதாரணக் கணினிக்கு வந்துவிட்டன. எந்தச் சூழலில் எவ்வளவு பந்தயம் வைப்பது சரி என்பதை அவை கணக்கிட்டுச் சொல்லும். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக, மொத்தம் 1,20,000 கை ஆடியது. நால்வரும் தோற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஆறு பேர் மேசையிலும் ப்ளூரிபஸ் என்ற நிரல் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. ஆன்லைன் மேசையில் எதிரே இருப்பது மனிதரா என்று நீங்கள் சந்தேகப்பட வேண்டிய காலம் இது. மனிதரே என்றாலும் அவரும் தினமும் நாலு மணி நேரம் சால்வரோடு படிப்பவராக இருக்கலாம். நீங்களும் படித்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

நல்ல ஆட்டக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் அதிகம் எடுக்க முடியாது. அதனால் வருமானம் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும்: ஆடத் தெரியாமல் வந்து உட்காருபவரிடமிருந்து. வார இறுதியில் செலவழிக்கவென்றே பணம் கொண்டுவரும் வசதியானவர் அவர் என்றால் உங்கள் மனசாட்சிக்குத் தொந்தரவில்லை. எல்லோரும் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியாகி, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைக்கும் அளவுக்குப் போனது. திரைக்குப் பின்னால் இருப்பவர் தன் வாடகைப் பணத்தை ஆடுகிறாரா, உபரியை ஆடுகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமலேயே மாதா மாதம் அவருடைய தோல்வியை எதிர்பார்த்து வாழ வேண்டும். இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் இதற்குப் பதில் யோசித்துவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது ஓரமாக ஒதுக்கக்கூடிய பிரச்சினை இல்லை; வருமானத்தின் ஊற்றே இதுதான்.

சட்டம் ஒரே நாளில் மாறும்

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய ஆன்லைன் போக்கர் நிறுவனங்கள் மீது குற்றம் சாட்டி, அவற்றின் இணையதள முகவரிகளைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஒரு வெள்ளிக்கிழமையில் நின்றது. அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அது திரும்ப வரத் தொடங்கவே 2014 ஆகிவிட்டது. கைமுதல் முழுவதும் ஒரே தளத்தில் கிடந்தவர்கள் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் இதே கதை 2025இல் நடந்தது. அதற்கு முன்பே 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் விளையாட்டு லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத கூடுதல் வரி. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தளத்தில் போடும் பணத்துக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மி, போக்கர் இரண்டையும் சேர்த்திருந்த பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, திறமை ஆட்டம் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று பலர் நிம்மதியடைந்தார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் நாட்டின் பெரிய தளங்கள் சில நாட்களுக்குள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. வெளிநாட்டுத் தளத்தில் வேறு வழியாக நுழைந்து ஆடலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அங்கே பணம் முடங்கினால் புகார் கொடுக்க உங்களுக்கு ஓர் இடமும் இல்லை. செய்யாதீர்கள்.

கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பல் கசினோக்களில் நேரடி ஆட்டம் உண்டு. சீட்டாட்ட வெற்றிக்கும் வரி 30 சதவீதம். செலவைக் கழிக்க முடியாது. ஒரு நாள் தோற்றதை மற்றொரு நாள் வென்றதோடு ஈடுகட்டவும் முடியாது. ஏற்ற இறக்கமே இயல்பான ஒரு தொழிலில், ஏற்றத்துக்கு மட்டும் வரி என்றால் மேலே போட்ட கணக்கு இன்னும் மோசமாகும். அமெரிக்காவிலும் 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், 2026 முதல் தோல்வியில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்க விடுகிறது. வென்றதும் தோற்றதும் சமமாக இருக்கும் ஆண்டிலும் வரி கட்ட வேண்டி வரும்.

வாழ்க்கையின் மற்றப் பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரியாதவர்கள் ஆட வரும் நேரம் வெள்ளி, சனி இரவுகள். அப்போது நீங்கள் வீட்டில் இருக்க முடியாது. பி.எஃப். கிடையாது, மருத்துவக் காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டும், சம்பளச் சீட்டு இல்லாமல் வீட்டுக் கடனுக்கு வங்கி வாசலில் நிற்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து வேலைக்குத் திரும்ப நினைத்தால் அந்த ஐந்தாண்டைப் பற்றி நேர்முகத் தேர்வில் கேட்பார்கள்.

அப்படியும் இறங்குவதென்றால்

சட்டப்படி ஆட முடிகிற, வரி தாங்கக்கூடிய ஒரு நாட்டில் நீங்கள் வாழ்கிறீர்கள் என்றால் சில விஷயங்கள் சொல்கிறேன். ராஜினாமா வேண்டாம், முதலில் வேலையில் இருந்தபடியே குறைந்தது ஒரு லட்சம் கை முடியுங்கள். ஒவ்வொரு நாளும் ஆடிய நேரம், மேசை அளவு, வரவு, செலவு எழுதப்பட வேண்டும். தோற்ற நாளை எழுதாமல் விட்டவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார். குடும்பச் செலவுக்கு ஓராண்டுப் பணம் தனி வங்கிக் கணக்கில், முடிந்தால் வீட்டில் மற்றொருவர் பெயரில் இருக்கட்டும். அது கைமுதலில் சேராது. கைமுதல் கால்பங்கு குறைந்தால் மேசை அளவைப் பாதியாக்குங்கள். பாதியாகக் குறைந்தால் வேலை தேடத் தொடங்குங்கள். இந்த எல்லைகளை ஆடத் தொடங்குவதற்கு முன்பே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் இரவில் எடுக்கும் முடிவு எதுவும் நல்ல முடிவாக இருக்காது.

வேறொருவர் பணம் போட்டு ஆடும் ஏற்பாட்டில் லாபம் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் கவனியுங்கள்: முந்தைய தோல்விகளை முழுவதும் மீட்ட பிறகே உங்களுக்குப் பங்கு என்று இருக்கும். ஒரு கெட்ட அரையாண்டுக்குப் பிறகு, மறு அரையாண்டு முழுவதும் சம்பளமில்லாமல் ஆட வேண்டி வரலாம். பாதியில் விலகினால் அந்தத் தோல்வி கடனாக உங்கள் தலையில் விழுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடன் வாங்கி ஆடத் தொடங்கிவிட்டவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நகையை அடகு வைத்தோ, கடன் செயலியில் எடுத்தோ, நண்பரிடம் வேறு காரணம் சொல்லி வாங்கியோ ஆடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்திவிட்டு, மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். தோற்றதை ஆடியே மீட்டுவிடலாம் என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள். வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.